லண்டன் பார்சலுக்கு கஸ்டம்ஸ் கட்டணம் கேட்கிறார்கள், உண்மையாக இருக்குமா?

குடமுருட்டி:
கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு, லண்டனில் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் இன்ஸ்டாகிராமில் பழக்கம். பிறந்தநாளுக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன் என்று பெட்டியின் போட்டோ, கூரியர் ரசீது எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உள்ளே நகை, ஐபோன், கொஞ்சம் பவுண்டு நோட்டும் இருக்கிறதாம். நேற்று டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ் என்று ஒரு பெண் போன் செய்து கிளியரன்ஸ் சார்ஜ் 28,500 ரூபாய் கேட்க, அக்கா யாரிடமும் சொல்லாமல் கட்டிவிட்டார். இன்று காலை, ஸ்கேனில் வெளிநாட்டுப் பணம் தெரிகிறது, அதற்குத் தனி சர்டிபிகேட் வாங்க 85,000 கட்டுங்கள், இல்லையென்றால் கேஸ் ஆகிவிடும் என்கிறார்கள். வளையலை அடகு வைக்கக் கிளம்பியபோதுதான் வீட்டுக்கே தெரிந்தது. சந்தேகமாக இருக்கிறது என்றால், அசோகச் சின்னம் போட்ட கடிதத்தைக் காட்டி "இது கவர்மென்ட் லெட்டர்டா" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

நெட்டைத்தென்னை:
புரியவைப்பது அப்புறம். முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். நேற்று போன பணம் அந்தக் கணக்கிலேயோ அடுத்த கணக்கிலேயோ இன்னும் கிடந்தால்தான் முடக்க முடியும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பணம் அனுப்பியதற்கான யூடிஆர் எண் (வங்கிப் பரிமாற்ற எண்), தேதி, நேரம் கையில் இருக்கட்டும். உடனே வங்கிக்கும் சொல்லிவிட்டு, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதுவரை அந்தப் பெண்ணிடம் சண்டை போட வேண்டாம், உஷாராகிவிடுவார்கள். சாட் எதையும் அழிக்காதீர்கள்.

துறைமுகத்தான்:
சென்னையில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலையில் இருக்கிறேன். இது பச்சைப் பித்தலாட்டம். பணம் எங்கே போனது என்று மட்டும் பாருங்கள். தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கோ யாரோ ஒருவரின் யுபிஐக்கோ போயிருக்கும். சுங்கத் தீர்வை அரசுக் கணக்குக்குத்தான் போகும். கூரியரில் வரும் சரக்குக்கு கூரியர் கம்பெனியே பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தைப் போட்டு, தீர்வையைக் கட்டி, நம்மிடம் ரசீதோடு வசூலிக்கும். தபாலில் வந்தால் வெளிநாட்டு அஞ்சலகத்தில் மதிப்புப் போட்டு அனுப்புவார்கள், தபால்காரர் பொருளைக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வார். கஸ்டம்ஸ் ஆபீசர் வாட்ஸ்அப்பில் வந்து பேரம் பேசுகிற வழக்கமே கிடையாது.

அந்த சர்டிபிகேட் கதைதான் எனக்குச் சிரிப்பாக வருகிறது, சிரிக்கிற விஷயம் இல்லை என்றாலும். பார்சலுக்குள் கட்டுக்கட்டாக நோட்டு இருந்தால் அதைப் பறிமுதல் செய்து, சம்மன், நோட்டீஸ் என்று போவார்களே தவிர, இவ்வளவு பணம் கட்டு, விட்டுவிடுகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். 85,000 கட்டினால் அடுத்து இன்சூரன்ஸ், வருமான வரி, கரன்சி மாற்றும் கட்டணம் என்று வரிசையாக வரும், அடகு வைக்க ஏதாவது மிச்சம் இருக்கும் வரை.

கடிதத்துக்கு வருவோம். 2019 நவம்பரிலிருந்து சுங்க வாரியம் (சிபிஐசி) தன் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண்ணைப் போடுகிறது. சிபிஐசி இணையதளத்தில் அந்த எண்ணை அடித்தால் கடிதம் உண்மையா என்று தெரிந்துவிடும். அக்காவையே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணே இல்லாவிட்டால் பதில் கையிலேயே இருக்கிறது. இணைப்பை மட்டும் அவர்கள் அனுப்பியதிலிருந்து எடுக்காதீர்கள்.

பழையபுத்தகம்:
எல்லாமே போலி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. நான் வெளிநாட்டிலிருந்து புத்தகமும் பழைய லென்ஸும் வாங்குகிறவன். கூரியர்காரர்கள் கேஒய்சி (அடையாளச் சான்று) கேட்டு மெயில் போடுவார்கள், தீர்வை கட்டவும் லிங்க் வரும், அது நிஜம். டெல்லி வழியாக வருவதும் நடப்பதுதான். ஆனால் நான் ஆர்டர் செய்த பொருள், எனக்குத் தெரிந்த விலை, கம்பெனியின் தளத்தில் நானே டைப் செய்து தேடினால் வருகிற டிராக்கிங் எண், இத்தனையும் ஒத்துப்போகும். எது எப்படியோ, லிங்கை அழுத்தாமல் கம்பெனி தளத்துக்குள் நேராகப் போய்த்தான் கட்டுவேன். "முகவரி சரியில்லை, 25 ரூபாய் கட்டுங்கள்" என்று அஞ்சல் துறை பெயரில் வரும் எஸ்எம்எஸ் இன்னொரு ரகம், அதில் 25 ரூபாய் பெயருக்குத்தான், குறி நம் கார்டு எண்ணும் ஓடிபியும்.

குடமுருட்டி:
நன்றி. 1930-ல் சொல்லி, புகார் எண்ணும் வந்துவிட்டது. கடிதத்தில் டிஐஎன் இல்லை. கூரியர் ரசீதில் இருக்கும் எண் அவர்கள் கொடுத்த தளத்தில் மட்டும்தான் வருகிறது, வேறு எங்கும் இல்லை. இப்போது அக்கா, அந்தப் பெண் ஏமாற்றுக்காரிதான், ஆனால் டாக்டர் நல்லவர், பாவம் அவரையும் ஏமாற்றுகிறார்கள் என்கிறார். ஆதார் நகலும் அனுப்பியிருக்கிறார்.

மலர்விழி:
ஆதார் ஆணையமான யுஐடிஏஐ-யின் தளத்தில் பயோமெட்ரிக் லாக் (கைரேகை, கருவிழிப் பதிவுக்குப் பூட்டு) போட்டுவிடுங்கள்.

டாக்டர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டாயா என்று கேட்ட ஆளை ஒரே நாளில் திருடன் என்று ஒப்புக்கொள்வது லேசில்லை, நாலு பேர் கூடி "படிச்சவளுக்கு அறிவில்லையா" என்று ஆரம்பித்தால் ராத்திரி ரகசியமாக இன்னொரு தடவை பணம் அனுப்பிவிடுவார். புகார் எண் வந்துவிட்டதல்லவா, இனி அக்காவையே அவருக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: "என்னிடம் பணம் இல்லை, பார்சலைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்." வேறொன்றும் பேச வேண்டாம். பரிசு அனுப்பியவருக்கு அதைத் திரும்ப வாங்குவதில் என்ன கஷ்டம்? அந்த டாக்டர் அழுவார், கோபிப்பார், பாதியை நான் போடுகிறேன் மீதியை நீ போடு என்பார். அக்கா அதைத் தன் கண்ணால் படிக்கட்டும். அக்காவின் போட்டோக்களை வைத்து மிரட்ட ஆரம்பித்தால் அதையும் அதே புகாரில் சேருங்கள், மிரட்டலுக்காக ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

கொஞ்ச நாளில் "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது கூப்பிடலாம். சைபர் போலீஸ், வக்கீல் என்று என்ன பெயர் சொன்னாலும், பணம் கேட்டால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள்.