தோட்டத்துக்கு நிலைத்தன்மைத் திட்டம் எழுதத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் லிம் சூ காங் வட்டாரத்தில் கீரை வளர்க்கும் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மண் இல்லாமல், சத்துநீரில் வளர்க்கிறோம். அரசாங்க மானியத்துக்கு விண்ணப்பிக்க முதலாளி முடிவு செய்திருக்கிறார். அதற்கான நிலைத்தன்மைத் திட்டத்தை, அதாவது தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வீணாக்காமல் தோட்டத்தை நடத்துவது எப்படி என்ற திட்டத்தை, நான்தான் எழுத வேண்டும்.

எனக்குப் பெரிய சந்தேகம் சத்துநீர் பற்றியது. அதே நீரைச் சுற்றவிட்டுப் பயன்படுத்துவதால் தண்ணீர் மிச்சம்தான். ஆனால் நாள்போக்கில் அதில் செடிக்கு வேண்டாத உப்புகள் சேர்ந்துவிடுகின்றன, ஒரு கட்டத்தில் மாற்றியே ஆக வேண்டும். அப்படி வெளியேற்றும் நீரைத் திட்டத்தில் எப்படிக் கணக்குக் காட்டுவது? மொத்த லிட்டரா, ஒரு கிலோ கீரைக்கு இவ்வளவு என்றா? எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் விளைச்சல் கூடும்போது மொத்த அளவும் கூடத்தான் செய்யும்.

அப்புறம் மின்சாரம். விளக்கு, குளிரூட்டி, பம்பு எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். தனித்தனி மீட்டர் பொருத்திய பிறகு எழுதுவது நல்லதா?

2021இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு தொடங்கிய 60 மில்லியன் வெள்ளி வேளாண் உணவு உருமாற்ற நிதியில் உதவி பெற்றவர்கள் இருந்தால், எந்தப் பதிவேடுகளைக் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். எஸ்எஸ் 661 (சுத்தமான, பசுமையான நகர்ப்புறத் தோட்டங்களுக்கான சிங்கப்பூர்த் தரநிலை) சான்றிதழ் வாங்கியவர்கள் பேசினாலும் மிகவும் உதவியாக இருக்கும். உள்ளூர்க் கீரை நிலைத்து நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தனிச்செய்தியிலும் எழுதலாம். நன்றி.