கோலார் தங்கவயல் சுரங்கத்தைச் சுற்றுலாத் தலமாக்கினால் ஊர் பிழைக்குமா?

மாரிக்குப்பம் வண்டி:
2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு வேலை என்றால் பெங்களூருதான். விடியுமுன் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கமும் 1986-ல் மூடியதுதான். இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள், நம்முடையது மூடிய அதே 2001-ல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நம்மிடம் சுரங்கக் குழிக்குள் ஆளை இறக்கிய ஷாஃப்ட் கோபுரம் இருக்கிறது, வெள்ளைக்காரன் பங்களா இருக்கிறது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர் இது. நாம் ஏன் செய்யக்கூடாது?

சாம்பியன் ரீஃப் பேரன்:
கோபுரத்தை எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்ப்பார்கள் அண்ணே? மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், பம்பு நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது. வெளியே இருப்பது சயனைடு மேடு, தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவுத் தூள். சினிமாக்காரர்கள் ஷூட்டிங் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். காற்றடிக்கிற நாளில் அந்தத் தூள் எங்கள் சோற்றுத் தட்டில்தான் விழுகிறது. முதலில் அதற்கு வழி பண்ணுங்கள்.

மாரிக்குப்பம் வண்டி:
சோல்ஃபெரைனிலும் ஆளை அடியில் இறக்குவதில்லை. நிலக்கரி கழுவிய கட்டடம்தான் மியூசியம். டிக்கெட் வாங்க ஆள் வந்தால்தான் அந்த மேட்டை மூடவும் அரசாங்கத்துக்கு மனசு வரும்.

கணக்குப்பிள்ளை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எஸ்ஸனைச் சுற்றி ரூர் வட்டாரம் முழுக்கப் பெரிய பெரிய நகரங்கள். அங்கேயே சுரங்கம் தந்த அத்தனை வேலையும் திரும்பி வரவில்லை. இங்கே பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். காலையில் காரில் வந்து சாயங்காலம் போய்விடுவார்கள். இட்லிக்கடைக்கு லாபம், ஒத்துக்கொள்கிறேன். ரயில் கூட்டம் குறையாது.

சாம்பியன் ரீஃப் பேரன்:
காசை விடுங்கள். 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள், ஆழத்தில் பாறை வெடிப்பதை. அந்த அதிர்வில் வீட்டில் பாத்திரம் உருண்டால் பாட்டி உலையை இறக்கிவைத்துவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார், தாத்தா மேலே வருகிறாரா என்று பார்க்க. மியூசியத்தில் இதைச் சொல்வார்களா, இல்லை சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி துரைகள் இந்த ஊரில் வாழ்ந்த 'லிட்டில் இங்கிலாந்து' கதையா?

மாரிக்குப்பம் வண்டி:
இதைச் சொல்லத்தான் உங்களை கைடாகக் கூப்பிட வேண்டும் என்கிறேன்.

சாம்பியன் ரீஃப் பேரன்:
கூப்பிடட்டும், வருகிறேன். பர்மனென்டா, கான்ட்ராக்டா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே.