சிறுநீரகம் எந்த மண்டலத்தில் சேரும்? 180 லிட்டர் என்பது அச்சுப் பிழையா?

பாடக்குறிப்பு:
உறுப்பு மண்டலங்களுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். சிறுநீரகத்தில் வந்து முட்டி நிற்கிறது.

ஒன்று, சிறுநீரகங்கள் நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுவதாகப் புத்தகத்தில் இருக்கிறது. உடம்பில் ஓடும் ரத்தமே 5 லிட்டர்தான், வெளியே வருவது ஒன்றரை லிட்டர். 18 என்பதை 180 என்று அடித்துவிட்டார்களா?

இரண்டு, அதைக் கழிவு நீக்க மண்டலத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்த பக்கத்திலேயே, சிறுநீரகம் செயலிழந்தால் ரத்தசோகை வரும், எலும்பு வலுவிழக்கும், ரத்த அழுத்தம் ஏறும் என்கிறார்கள். கழிவு வெளியேற்றும் உறுப்புக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வடிகட்டி:
180 சரிதான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது ஒரு லிட்டருக்குக் கூடுதலாகவே, சிறுநீரகங்களுக்குப் போகிறது. அதில் பிளாஸ்மா (அணுக்கள் நீங்கலான ரத்த நீர்) பாதிக்குச் சற்று மேல், 600 மில்லி சொச்சம். அந்தப் பிளாஸ்மாவில் ஐந்தில் ஒரு பங்கு கிளாமருலஸ் (நுண்ணிய ரத்தக் குழாய் முடிச்சு) வழியாக வடிகிறது: நிமிடத்துக்கு 125 மில்லி. ஒரு நாளுக்கு 1440 நிமிடம், பெருக்கினால் 180 லிட்டர். மொத்தப் பிளாஸ்மாவே 3 லிட்டர்தான் என்பதால், அதே நீர் நாளுக்கு 60 தடவை சுற்றி வந்து வடிகிறது. 99 சதவீதம் ரத்தத்துக்கே திரும்பிவிடும்.

ஏன் இந்த வீண் வேலை என்று தோன்றும். சிறுநீரகம் பெரும்பாலும் கழிவை அடையாளம் கண்டு பொறுக்குவதில்லை. அலமாரியில் குப்பையைத் தேடாமல், எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குவது போலத்தான். இதனால் உடம்பு முன்பின் பார்த்திராத மருந்துத் துணுக்குகூட, அளவில் சிறியதாகவும் நீரில் கரைவதாகவும் இருந்தால், பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும்.

ஒரு நெஃப்ரானை (சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகு) மட்டும் பார்ப்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் இருக்கிறது. கிளாமருலஸில் ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் தங்கிவிடும். வடிந்த நீர் அண்மைச் சுருள் நுண்குழலுக்கு வந்ததும் சோடியம், தண்ணீர் இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே மீட்கப்படும். குளுக்கோஸ் அநேகமாக முழுதும். ஆனால் குளுக்கோஸைத் தூக்கும் கடத்திப் புரதங்களுக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் (இது வேறு 180, மேலே உள்ளதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) மீதி சிறுநீரில் வழிகிறது. போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நீரிழிவில் அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம் இரண்டும் அதனால்தான்.

அடுத்து ஹென்லே வளைவு. இறங்கு பகுதியில் தண்ணீர் மட்டும் கசியும், ஏறு பகுதியில் உப்பு மட்டும் வெளியேறும். சிறுநீரகத்தின் உட்பகுதி இப்படித்தான் ரத்தத்தைப் போல நான்கு மடங்கு வரை செறிவாகிறது. கடைசியில் சேகரிப்பு நாளம். வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன் வந்தால்தான் அங்கே தண்ணீர்க் கதவு திறக்கும். அந்த ஹார்மோன் அறவே சுரக்காதவருக்கு நாளைக்கு 15 லிட்டர்கூடச் சிறுநீர் போகலாம்.

மஜ்ஜை:
இரண்டாவது கேள்விக்கு நான்.

ரத்தசோகை: ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது பெரும்பாலும் சிறுநீரகம்தான். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும். அது வற்றிப்போனபின் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்துப் பலனில்லை, எரித்ரோபாய்டினையே ஊசியாகப் போட வேண்டிவரும். இரும்பு இருப்பு போதாமல் அந்த ஊசியைப் போட்டாலும் வேலை செய்யாது. அதனால் முதலில் ஃபெரிட்டின் (இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) பார்ப்பார்கள்.

எலும்பு: வைட்டமின் டி தோலில் உருவாகி, கல்லீரலில் ஒரு மாற்றம் பெற்று, சிறுநீரகத்தில்தான் வீரியமுள்ள வடிவத்துக்கு வருகிறது. அது இல்லாமல் குடல் போதிய கால்சியத்தை உறிஞ்சாது. கூடவே பாஸ்பேட் வெளியேறாமல் தேங்கும். பாராதைராய்டு சுரப்பி பதறிப்போய் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும்.

ரத்த அழுத்தம்: இதுதான் அட்டவணையையே கலைத்துப்போடும். சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடுகிறது. அது கல்லீரல் தயாரித்த ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டிய துண்டை, முக்கியமாக நுரையீரல் ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள நொதி, ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. அது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டீரோன் திரும்பச் சிறுநீரகத்துக்கே வந்து உப்பைப் பிடித்து வைக்கும்.

தேர்வு அட்டவணை என்றால் கழிவு நீக்க மண்டலத்தில் எழுதிவிட்டு, ‘வேறு எந்த மண்டலத்தில் கை வைக்கிறது’ என்று பக்கத்தில் ஒரு பத்தி சேருங்கள். கணையம், கல்லீரலுக்கும் அந்தப் பத்தி தேவைப்படும்.

கூடுதல்_குறிப்பு:
மேலே இருவரும் பொட்டாசியத்தை விட்டுவிட்டார்கள். உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். சிறுநீரகம் திடீரென நின்றால் யூரியா ஏறுவதைவிட இது ஏறுவதுதான் அவசர ஆபத்து, இதயத் துடிப்பையே நிறுத்திவிடும்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் என்ற கழிவு ‘நார்மல்’ என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதி குறையும்வரை அது இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். மேலும் அது தசையிலிருந்து வருவது. மெலிந்த முதியவரின் 1.0-வும் கட்டுமஸ்தான இளைஞரின் 1.0-வும் ஒன்றல்ல. வயது, பாலினம் சேர்த்துக் கணக்கிடும் ஜி.எஃப்.ஆர். (கிளாமருலஸ் வடிகட்டும் வேகம், நிமிடத்துக்கு மில்லி கணக்கில்) மதிப்பீட்டைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய், 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு.

பாடக்குறிப்பு:
கணக்கு இப்போது புரிகிறது. ஒரே ஒரு சந்தேகம்: தண்ணீர் நிறையக் குடித்தால் கழிவும் அதிகமாகப் போகுமா?

வடிகட்டி:
பெரிதாக அதிகரிக்காது. வடிகட்டும் வேகம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், சிறுநீர் நீர்த்துப்போகும், அவ்வளவுதான். குறைந்த அளவுக்குத்தான் கணக்கு உண்டு: வெளியேற்ற வேண்டிய கரைபொருள் நாளுக்குச் சுமார் 600 மில்லியாஸ்மோல் (கரைந்த துகள்களை அளக்கும் அலகு), சிறுநீரகத்தால் செறிவாக்க முடிந்த உச்சம் லிட்டருக்கு 1200. ஆக அரை லிட்டராவது போயே ஆக வேண்டும். மறுமுனையில், மணிக்குச் சுமார் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்றச் சிறுநீரகத்தால் ஆகாது. அந்த வேகத்தை மீறி மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும், வலிப்பு வரும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவைத் தாண்டவே கூடாது.