எங்க ஏரியா பொம்பளைங்க வேலை செய்யறத ஏன் எந்தப் படத்துலயும் காட்ட மாட்றாங்க?

காசிமேட்டுப் பொண்ணு:
எங்கம்மா இருபது வருஷமா மீன் விக்கறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஏலத்துக்குப் போவாங்க, செவுள தூக்கி செவப்பா இருக்குதான்னு பாத்துட்டுதான் வெலையே பேசுவாங்க, அப்புறம் ஐஸ் போட்டு அடுக்கி ஷேர் ஆட்டோல ஏத்தி எட்டு மணிக்குள்ள தெருவுல உக்காந்துடணும். இதுல ஒரு நிமிஷம் கூட நான் படத்துல பாத்ததில்ல. வடசென்னைன்னாலே பொம்பளைங்க தண்ணி லாரிகிட்ட குடத்தோட சண்ட போடுவாங்க, இல்ல பொணத்து மேல விழுந்து அழுவாங்க. சீரியல்ல பட்டுப்புடவையோட தூங்கறாங்க. மெய்யாலுமே கஷ்டமா இருக்கு. நல்லா காட்டின படம் இருந்தா சொல்லுங்க, அம்மாவோட உக்காந்து பாக்கணும்.

தண்டையார்பேட்டை தம்பி:
அக்கா, 'சார்பட்டா பரம்பரை' பாருங்க, 2021ல வந்துது. துஷாரா விஜயன் பண்ண மாரியம்மாவ மறக்கவே முடியாது. புருஷன நேருக்கு நேரா கேள்வி கேக்கறா, எங்க வீட்டுல பேசற மாதிரியே இருந்துச்சு.

ராயபுரம் ரீட்டா:
எனக்கும் மாரியம்மா புடிக்கும் தம்பி, ஆனா அவ பேசறது முக்காவாசி புருஷன் கபிலன பத்திதான. 'வடசென்னை' படத்துல ஆண்ட்ரியா எவ்ளோ கெத்தா இருப்பாங்க, அந்த சந்திராவும் புருஷன கொன்னவங்கள பழிவாங்கறதுக்குதான் வாழறா. அமெரிக்கால அலிசன் பெக்டெல்னு கார்ட்டூன் போடற அம்மா 1985லயே ஒரு கணக்கு சொன்னாங்க, படத்துல ரெண்டு பொம்பளைங்க இருக்கணும், ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசணும், அந்தப் பேச்சு ஆம்பளைய பத்தி இருக்கக் கூடாது. நம்ம படத்துக்கு போட்டுப் பாத்தா முக்காவாசி தேறாது. எங்க மாடிப்படில சாயங்காலம் உக்காந்தா சீட்டு பணம், பசங்க பீஸு, மூட்டு வலின்னு மணிக்கணக்கா பேசறோம், அதெல்லாம் கதை இல்லயா?

பழைய படப் பைத்தியம்:
'மகளிர் மட்டும்' பாருங்கம்மா, 1994ல வந்தது. ரோகிணி கூட்டிப் பெருக்கற வேலை செய்யறவங்களா வருவாங்க, ஊர்வசி, ரேவதியோட சேந்து அவங்க ஆபீஸ் மேனேஜர ஒரு வழி பண்ணிடுவாங்க. 'காக்கா முட்டை'யும் பாருங்க, ஐஸ்வர்யா ராஜேஷ் ரெண்டு பசங்களுக்கு அம்மா, புருஷன் ஜெயில்ல, ஜாமீனுக்குத் துட்டு சேக்கணும். அது சைதாப்பேட்ட பக்கம்தான், ஆனா அந்த மொகத்துல இருக்கற களைப்பு நம்ம வீட்டுதுதான்.

காசிமேட்டுப் பொண்ணு:
ரொம்ப தேங்ஸ். ரீட்டாக்கா சொன்ன மாடிப்படி மேட்டர அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், "ஆமா, யாரு அவங்க, எந்தத் தெரு?"ன்னு கேட்டாங்க. இன்னைக்கு 'மகளிர் மட்டும்' போடறேன். ரெண்டு மணிக்கு எந்திரிக்கணும்ல, அதனால இன்டர்வெல் வரைக்கும்தான், மீதி நாளைக்கு.