சிலுவை மாட்டியதற்கா மரண தண்டனை? அருட்சகோதரி ரெஸ்டிடூட்டா வழக்கு

வைகறை:
நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட ரெஸ்டிடூட்டா காஃப்காவைப் பற்றிப் பங்கு மலருக்கு எழுதுகிறேன். “மருத்துவமனையில் சிலுவை மாட்டியதால் தலை வெட்டப்பட்டார்” என்றே எல்லா இடத்திலும் இருக்கிறது. அதற்கு அன்று மரண தண்டனை உண்டா? அதே ஆட்சியில் கொல்லப்பட்ட துறவி எடித் ஸ்டைனையும் இதே வகையில் சேர்க்கலாமா?

நெய்தல்:
சிலுவையால் வந்தது பகை. தலையை வாங்கியது ஒரு தாள்.

வியன்னாவுக்குத் தெற்கே மோட்லிங் மருத்துவமனையில் அவர் அறுவை அரங்கச் செவிலியர். புதிய பிரிவின் அறைகளில் சிலுவைகளை மாட்டினார். கழற்றச் சொன்னபோது மறுத்துவிட்டார். அங்கிருந்த அறுவை மருத்துவர் ஒருவர் தீவிர நாஜி. 1941 டிசம்பரில், ஆட்சியைச் சாடும் படைவீரர் பாட்டு ஒன்றை ரெஸ்டிடூட்டா சொல்லச் சொல்ல அலுவலகத்தில் தட்டச்சு செய்தார்கள். அதன் பிரதி அந்த மருத்துவர் கைக்குப் போய், அவர் புகார் கொடுத்தார். 1942 பிப்ரவரி 18, திருநீற்றுப் புதனன்று நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ அவரைக் கைது செய்தது.

அக்டோபர் 29 அன்று வந்த தீர்ப்பில் இருந்த குற்றங்கள் இரண்டு: எதிரிக்குத் துணைபோனது, அரசுத் துரோகத்துக்கு ஆயத்தம் செய்தது. போர்க்காலத்தில் இவை உயிரையே பறிக்கும் பிரிவுகள். கருணை மனுவைத் தள்ளிய நாஜிக் கட்சியின் உயர் தலைவர் மார்ட்டின் போர்மன், மற்றவர்களை அச்சுறுத்த இந்தத் தண்டனை தேவை என்றார். 1943 மார்ச் 30 அன்று வியன்னாவில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் பொறியில் கொன்றார்கள். வயது 48. உடலையும் மடத்துக்குத் தரவில்லை. மத்தியக் கல்லறையின் 40ஆம் பிரிவில் புதைத்தார்கள்.

சிலுவையை விட்டுவிடாதீர்கள், ஆனால் அந்தப் பாட்டையும் கட்டாயம் எழுதுங்கள். போரை எதிர்த்து அவர் துணிந்து செய்த காரியம் அது. அதை மறைத்தால் பாதி ரெஸ்டிடூட்டாதான் மிஞ்சுவார்.

மணிமேடை:
எடித் ஸ்டைன் வேறு வகை. அவருக்குக் குற்றப்பத்திரிகையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. யூதராகப் பிறந்த கார்மேல் சபைத் துறவி என்பதால் 1938 டிசம்பர் 31 அன்று கொலோனிலிருந்து நெதர்லாந்தின் எக்ட் மடத்துக்கு மாற்றப்பட்டார். 1942 ஜூலை 26 அன்று, யூதர்களை நாடுகடத்துவதைக் கண்டித்த ஆயர்களின் மடல் அந்நாட்டுக் கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க, ஆகஸ்ட் 2 அன்று கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்ற யூதர்களைப் பிடித்தார்கள். எடித்தும் அக்கா ரோசாவும் ஆமர்ஸ்ஃபோர்ட், வெஸ்டர்போர்க் முகாம்கள் வழியாக ஆகஸ்ட் 7 அன்று ரயிலேற்றப்பட்டு, 9ஆம் தேதி ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார்கள்.

“துறவி என்பதால் கொன்றார்கள்” என்று எழுதினால் தவறு. அதே மடத்தில் யூதரல்லாத சகோதரிகளைத் தொடவில்லை. பெயரைப் பட்டியலில் சேர்த்தது பிறப்பு. நாளைக் குறித்தது ஆயர் மடல். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெய்தல்:
மேலே சொன்னதில் ஒன்றை உறுதிசெய்கிறேன்: ரோசா தங்கை அல்ல, அக்கா என்பது சரியே; பல குறிப்புகளில் மாறி வருகிறது. பட்டங்களையும் கவனியுங்கள். இப்போதுள்ள பட்டம் இருவருக்கும் 1998இல்தான். ரெஸ்டிடூட்டா ஜூன் 21 அன்று அருளாளர் (புனிதருக்கு முந்தைய படி). எடித் அக்டோபர் 11 அன்று புனிதர். ரெஸ்டிடூட்டாவின் நினைவு நாள் அக்டோபர் 29, அதாவது தீர்ப்பு வந்த தேதி. மலர் அந்த மாதம் வருவதானால் பொருத்தமாக இருக்கும்.