பிள்ளைகளோடு கிரேக்கச் சமையல்: ஃபெட்டா சீஸுக்குப் பதில் பன்னீர் போடலாமா?

நித்யா (மெல்பர்ன்):
நாங்க இருக்கிறது ஓக்லீ பக்கம். சுத்தி கிரேக்கக் குடும்பங்கள், கிரேக்கக் கடைகள். பொண்ணுக்கு எட்டு வயசு, பையனுக்கு அஞ்சு. ஃப்ரெண்ட்ஸ் வீட்ல சாப்பிட்டுட்டு வந்து நம்ம வீட்லயும் செய்யணும்னு ஒரே பிடிவாதம். ட்ஸாட்ஸிகிங்கற தயிர் வெள்ளரிக்காய்த் தொட்டுக்கையில ஆரம்பிச்சோம். தயிரை மெல்லிசுத் துணியில கட்டி ராத்திரி ஃபிரிட்ஜுக்குள்ள வடிய விட்டாச்சு. வெள்ளரிக்காயைத் துருவி உப்புப் போட்டுப் பிழியற வேலை பையனுக்கு. கிண்ணத்துல பச்சைத் தண்ணி சேரச் சேர, "இன்னும் வருதும்மா"ன்னு விடாம பிழிஞ்சான். நசுக்கின பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வினிகர், சதகுப்பைக் கீரை எல்லாம் பொண்ணு கலந்தா.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போட்டோ போட்டேன். "இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடறே, ஃபெட்டாவுக்குப் பன்னீர், பிட்டா ரொட்டிக்குச் சப்பாத்தி போதுமே"ன்னு சொல்றாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்லை. வேற ஊர்ச் சாப்பாட்டைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்தறப்போ அதை அதுவாவே காட்டணும். நீங்க என்ன நினைக்கறீங்க?

சிவகுமார் (கோவை):
நான் உங்க குடும்பத்துப் பக்கம்ங்க. ஓக்லீல ஃபெட்டா தெருமுனையிலேயே கிடைக்கும். இங்க பெரிய சூப்பர் மார்க்கெட்ல தேடணும், கிடைச்சாலும் ஒரு சின்ன டப்பா விலைக்கு ரெண்டு நாள் காய்கறி வாங்கிரலாம். பன்னீரை உப்புத் தண்ணில ஊற வெச்சு, எலுமிச்சை பிழிஞ்சு, தக்காளி வெள்ளரி வெங்காயத்து மேல வெச்சு ஆரிகானோ தூவினா எம் பொண்ணு தட்டைக் காலி பண்ணிருவா. ட்ஸாட்ஸிகியும் நம்ம வெள்ளரிப் பச்சடியும் கிட்டத்தட்ட அக்கா தங்கச்சிதானே? அஞ்சு வயசுல பிள்ளைக்கு வேண்டியது அம்மா அப்பாவோட நின்னு கையால ஒண்ணு செய்யறது. பண்டம் அசலான்னு பாக்கற வயசா அது?

நித்யா:
சிவகுமார் சார், பச்சடிக்கு நாம தயிரை வடிகட்டறதில்லையே. வடிகட்டறதாலதான் ட்ஸாட்ஸிகி கரண்டியில அப்படியே நிக்குது, அதைப் பார்த்துத்தான் பையன் அசந்து போனான். ஃபெட்டாவும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2002ல அந்தப் பேரைக் கிரேக்கத்துக்கு மட்டும்னு பதிவு பண்ணிச்சு. குறைஞ்சது 70 சதவீதம் செம்மறி ஆட்டுப்பால், மிச்சம் வெள்ளாட்டுப்பால், ரெண்டு மாசமாவது பதப்படுத்தணும். அந்தப் புளிப்பு பன்னீர்ல எப்படி வரும்? எலுமிச்சை பிழிஞ்சா எலுமிச்சைப் புளிப்புத்தான் வரும். பிள்ளைங்களுக்கு நாக்கு பழகற வயசே இதுதான்.

மங்கை (லண்டன்):
இருவரும் ஃபெட்டாவையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கிரேக்க வீடுகளில் அன்றாடம் பொங்குவது பருப்பும் காய்கறியும்தான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை எல்லாவற்றையும் விலக்குவது அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் வழக்கம். அதனால் சைவச் சமையல் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஃபக்கேஸ் என்ற பருப்பு சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தோலோடு இருக்கும் முழு மைசூர் பருப்பு, வெங்காயம், முழுப் பூண்டுப் பற்கள், பிரிஞ்சி இலை, தக்காளி. எல்லாம் வெந்தபின் ஆலிவ் எண்ணெய், பரிமாறும்போது ஒரு கரண்டி வினிகர். கோவைக் கடைத்தெருவில் இதில் கிடைக்காதது எது? பருப்பில் கல் பொறுக்குவது, பூண்டு உரிப்பது, கடைசியில் வினிகர் ஊற்றுவது எல்லாம் பிள்ளைகள் செய்யலாம். பீன்ஸைத் தக்காளியோடு ஆலிவ் எண்ணெயில் குழைய வேகவைக்கும் ஃபசொலாக்கியாவும் அப்படித்தான், பீன்ஸ் நாரெடுப்பது முழுக்க அவர்கள் வேலை. மாற்றுப் பொருள் எதுவும் தேடாமலே அசல் கிரேக்கச் சாப்பாடு.

சிவகுமார்:
மங்கை அக்கா, பருப்பு சரி. ஆனா எம் பொண்ணு கிட்ட வெச்சா "இது சாம்பார்தானே"ன்னு தள்ளிருவா. பிள்ளைங்க சமைக்க வர்றதே புதுசா ஏதாவது பார்க்கத்தான். நான் பன்னீர்ல கொண்டு வர்றது அந்தப் புதுசைத்தான். அதை ஏமாத்துன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

நித்யா:
ஏமாத்துன்னு நான் சொல்லலை. "கிரேக்க ஸ்டைல் பன்னீர் சாலட்"னு பேர் வெச்சுக் கொடுங்க, எனக்கு ஆட்சேபணையே இல்லை. "இதுதான் ஃபெட்டா"ன்னு சொல்லிக் கொடுக்கறதுதான் வேண்டாங்கறேன்.

மங்கை அக்கா, ஃபக்கேஸ் அருமையான யோசனை, கண்டிப்பா செய்வோம். ஆனா எங்க வீட்ல அடுத்த கோரிக்கை ஸ்பனகோபிட்டா, பாலக் பூரணம் வெச்ச மொறுமொறு பண்டம். அதுக்கு வேண்டிய ஃபிலோங்கற மெல்லிசு மாவுத் தாளைப் பிள்ளைங்க கையில கொடுக்கலாமா?

சிவகுமார்:
அது காகிதம் மாதிரி கிழியுமே. அஞ்சு வயசுக்கு அது வேண்டாம்ங்க, அழுதுருவான்.

மங்கை:
தாராளமாகக் கொடுக்கலாம். முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். அவசரப்பட்டு வெளியே வைத்து இளக்கினால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்த உடனே மேலே ஈரத்துணி போட்டு மூடி, ஒரு தாளாக எடுங்கள். சில நிமிடம் காற்றுப் பட்டாலே நொறுங்கும். தாளைத் தூக்குவது நீங்கள், பிரஷ்ஷால் எண்ணெய் தடவுவது பையன், பாலக்கும் ஃபெட்டாவும் கலந்த பூரணத்தை வைத்து முக்கோணமாக மடிப்பது பெண். கிழிந்த தாள் உள் அடுக்குக்குப் போகட்டும், நல்ல தாளை மேலே வையுங்கள். ஓவனில் வெந்தபின் உள்ளே எது கிழிந்தது என்று யாருக்கும் தெரியாது. பாலக்கைக் கழுவி, வதக்கி, ஆறவிட்டு, ஒட்டப் பிழிய வேண்டும். தண்ணீர் நின்றால் அடி நமுத்துவிடும். வெள்ளரிக்காய் பிழிந்த அதே கைக்குப் பொருத்தமான வேலை.

சிவகுமார் தம்பிக்கும் ஒன்று: சைவ வீடு என்றால் ஃபெட்டா டப்பாவில் ரென்னெட் (பாலைத் திரிய வைக்கும் பொருள்) எதிலிருந்து எடுத்தது என்று பார்த்து வாங்குங்கள். கன்றுக்குட்டி அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பதும் உண்டு. அந்த விஷயத்தில் உங்கள் பன்னீர் கவலையில்லாதது.

சிவகுமார்:
இது எனக்குத் தெரியாதுங்க அக்கா. அப்ப எங்க வீட்ல பன்னீர்தான், அதுல மாத்தமில்லை. நித்யா சொன்ன மாதிரி பேரை மாத்திக்கறேன்.