'கொத்தமல்லி' தேடினால் கிடைக்கவில்லை, உங்கள் கீபோர்டு உதவி வேண்டும்

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவன். ஒரு ஓப்பன் சோர்ஸ் குறிப்பேட்டுச் செயலிக்கு வரும் பிழைப் புகார்களைக் காலையில் எம்ஆர்டி ரயிலில் படிப்பேன், ராத்திரி முடிந்ததைச் சரிசெய்து அனுப்புவேன்.

போன வாரம் தேக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பிய அம்மா அதே செயலியில் 'கொத்தமல்லி' என்று தேடினார். பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் தேடல் இல்லை என்கிறது. உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் குறியெண்களாகச் சேமிக்கும் முறை) 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என 2 குறிகளாகவும் இருக்கலாம், இரண்டும் சமம் என்பதுதான் யூனிகோட் விதி, கண்ணுக்கும் ஒன்றுதான், ஆனால் எங்கள் தேடல் குறிக்குக் குறி ஒப்பிடுகிறது. 'கோ', 'கௌ' கதையும் இதேதான். ஒப்பிடும் முன் நார்மலைஸ் செய்தால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினால் போதும், 2 வரித் திருத்தம், எழுதி அனுப்பிவிட்டேன்.

திட்டத்தைப் பராமரிப்பவருக்குத் தமிழ் தெரியாது. நிஜ கீபோர்டில் இப்படி வருகிறதா, மாதிரி காட்டு என்கிறார். நியாயமான கேள்வி.

அதனால் கொக்கு, கோழி, கௌரவம் என்ற 3 சொற்களை நீங்கள் வழக்கமாக அடிக்கும் கீபோர்டில் (தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை, எதுவானாலும் சரி) அடித்து, டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள். எந்த போன், எந்தக் கீபோர்டு என்று ஒரு வரி போதும். தயவுசெய்து இங்கிருந்து காப்பி எடுத்து ஒட்டாதீர்கள். பழைய கணினி வைத்திருக்கும் தமிழாசிரியர்கள் தெரிந்தால் அவர்களிடமும் கேளுங்கள். ஞாயிறு இரவுக்குள் கிடைத்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.